கண்ணளவு போதாது சிஸ்டர்ஸ்!

நிமிஷத்துக்குச் சுமார் அரை லிட்டர். நிறைமாசத்துல ஒரு அம்மாவோட கர்ப்பப்பைக்குப் பாயற ரத்தத்தோட அளவு இது. நம்ம ஹாஸ்டல் குழாய்லகூட சில நாள் இந்த வேகத்துக்குத் தண்ணி வராது!

குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி பிரிஞ்சதும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கணும். அதோட தசைநார்கள் ரத்தக்குழாய்களை முடிச்சுப் போட்ட மாதிரி நெரிச்சு மூடும். எங்க மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, வால்வு க்ளோஸ். க்ளோஸ் ஆகலைன்னா? ரத்தம் கொட்டும். நர்ஸிங் மாணவிகள் பி.பி.ஹெச்.னு படிக்கற விஷயம் இதுதான். உலக அளவுல பிரசவத்தை ஒட்டித் தாய்மார்கள் இறக்கறதுக்கு முன்னணிக் காரணமும் இதுதான்.

மருந்து இருக்கு. அப்புறம் ஏன் இத்தனை மரணம்? பாதி பிரச்னை கண்டுபிடிக்கறதுலயே இருக்கு பாஸ். துணி நனையுது, தரையில பரவுது, பனிக்குட நீரும் கலக்குது. 'ஒரு 400 மில்லி இருக்கும்'னு கண்ணால பார்த்தே எழுதிடறாங்க. எங்க லேப்ல இப்படி ரீடிங் எழுதினா அப்சர்வேஷன் நோட் ஜன்னல் வழியா பறக்கும்!

இதுக்குத் தீர்வு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பிரசவமானதும் அம்மாவுக்கு அடியில விரிக்கணும். அதோட நுனியில புனல் மாதிரி ஒரு பை, பையில மில்லி கோடுகள். அவ்வளவுதான்! கர்நாடகாவுல நடந்து, 2006-ல வெளியான ஓர் ஆய்வுல, கண்ணளவுக் கணக்கு இந்த விரிப்போட கணக்கைவிட 33 சதவீதம் குறைவா இருந்துச்சு. அதாவது 600 மில்லி போயிருந்தா ஏட்டுல 400. அபாய எல்லை 500. கணக்கு புரியுதா?

2023-ல கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகள்ல 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை வெச்சு நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வோட முடிவு வந்துச்சு. விரிப்பால அளந்து, எல்லை தாண்டினதும் கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐ.வி., பரிசோதனைன்னு எல்லாத்தையும் கையோட செஞ்சாங்க. ஒண்ணைக் கொடுத்துட்டு 'பலிக்குதா'னு காத்திருக்கலை. பழைய முறையில 51 சதவீத கேஸ்களைத்தான் கண்டுபிடிச்சாங்க, இதுல 93. கடும் ரத்தப்போக்கு, அதுக்கான வயித்து ஆபரேஷன், மரணம் மூணும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் சரிஞ்சுது!

2025-ல உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேல போச்சு. நாடித்துடிப்பு, பிரஷர்ல மாற்றம் தெரிஞ்சா 300 மில்லியிலேயே சிகிச்சையை ஆரம்பிக்கச் சொல்லிடுச்சு. நம்ம நாட்டுக்கு இது ரொம்ப முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல கர்ப்பிணிகள்ல 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைஞ்ச உடம்பு, 500 வரைக்கும் எப்படித் தாங்கும்?

லேபர் வார்டு போஸ்டிங்ல இருக்கற சிஸ்டர்ஸ்... டாக்டர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்த பிறகும் அந்த அம்மா பக்கத்துல நிக்கப்போறது நீங்கதான். விரிப்பு இருந்தா கோட்டைப் படிங்க. இல்லைன்னா, நனைஞ்ச துணியை எடை போட்டு, காய்ஞ்ச துணியோட எடையைக் கழிங்க. 1 கிராம்னா ஏறக்குறைய 1 மில்லி. நாடியை விடாதீங்க. நம்பர் எகிறினா, 'சீனியர் என்ன நினைப்பாங்களோ'ன்னு தயங்காம சத்தமா சொல்லிடுங்க.

திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. ஒரு குழந்தை அம்மாவோட வீட்டுக்குப் போகும்ல!