திருப்பி அனுப்பிய தூக்குவாளி

நான் கிறிஸ்தவன். பக்ரீத்தைப் பற்றி எழுத "உனக்கென்னடா வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது.

சென்ற பக்ரீத் அன்று எதிர்வீட்டு பாய் மகன் தூக்குவாளியில் குர்பானி கறி கொண்டுவந்தான். ஒர்க்‌ஷாப்பில் எனக்கு லேத் பார்ட்னர் அவன். "படைச்சதெல்லாம் நாங்க சாப்பிடறதில்ல தம்பி" என்று வாசலிலேயே அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுதான் அம்மாவுக்கு ஆதாரம். ஆனால் குர்பானியில் விக்கிரகம் எங்கே இருக்கிறது? கறியோ இரத்தமோ இறைவனிடம் போவதில்லை, மனிதனின் பக்திதான் போகிறது என்றல்லவா குர்ஆன் 22ஆம் அத்தியாயம் சொல்கிறது! அதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா வாங்கி வருவதே பாய் கடைக் கறிதானே? அதுவும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுத்ததுதான். காசு கொடுத்து வாங்கினால் ஆகும், அன்பாகக் கொடுத்தால் ஆகாதா?

பலியாக இருந்தவர் ஈசாக்கா, இஸ்மாயிலா என்று ஹாஸ்டலில் பட்டிமன்றமே நடக்கும். ஆதியாகமம் 22இல் ஈசாக்கு. முஸ்லிம்களில் பெரும்பாலோர் இஸ்மாயில் என்பார்கள். நூலகத்தில் தமிழ்க் குர்ஆன் எடுத்து 37ஆம் அத்தியாயத்தைப் படித்தேன். அந்த இடத்தில் மகனின் பெயரே இல்லை! என்னை நிறுத்தியது வேறொன்று. நம் வேதத்தில் விறகைச் சுமந்து போகும் ஈசாக்கு, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. குர்ஆனிலோ தகப்பன் தான் கண்ட கனவைச் சொல்லி, உன் அபிப்பிராயம் என்ன என்று மகனையே கேட்கிறார். அவனும் சம்மதிக்கிறான். (என்னை மெக்கானிக்கலில் சேர்க்கும்போது எங்கப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை!) ஒரே கதையை இரண்டு வீட்டில் கேட்டால்தான் முழுசாகப் புரியும்போலிருக்கிறது.

குர்பானி கறியை மூன்று பங்காகப் பிரிப்பது வழக்கம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஏழைகளுக்கு, ஒன்று உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும். எங்கள் வாசலுக்கு வந்தது அந்த நண்பர் பங்கு. அதைத்தான் திருப்பினோம். எங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் ஒரு வருஷமும் திருப்பியதில்லை.

வரும் பக்ரீத்துக்குப் பாத்திரத்தோடு நானே போகப் போகிறேன். அம்மா சாப்பிட வேண்டாம். மனசாட்சி உறுத்துகிறவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதும் பவுல் சொன்னதுதான்.

அவன் இன்றும் என்னோடு அதே லேத்தில்தான் நிற்கிறான். அந்த நாளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும்.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்