கூலி கொடுத்தவன் குரலா?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மறுநாளே 'வாய்ஸ் ஆப் அமெரிக்கா' வானொலியில் வேலை செய்த ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். 1942 முதல் பேசி வந்த வானொலி அது. செய்தி கேட்டதும் நம் நண்பர்கள் சிலர், "ஒழிந்தது அந்நியப் பிரசாரம்!" என்று கைகொட்டினார்கள். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

வழக்குக்குச் சாட்சி சுந்தரபாண்டியத்தில் இருந்தார். எங்கள் தெருவில் தறி நெய்த பெரியவர். தறிக்குழிக்கு மேலே ஆணியில் ஒரு டிரான்ஸிஸ்டர் தொங்கும். 2009ஆம் ஆண்டின் ஆரம்ப மாதங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம். இரவு ஒன்பதேகால் மணிக்கு லண்டனிலிருந்து 'தமிழோசை' வரும். அதற்கு முன்னும் பின்னும் கொழும்பையும் நம் ஆகாசவாணியையும் திருப்பிக் கேட்பார்.

"எதுக்கு அண்ணாச்சி மூணு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாவு நூலை இழுத்துப் பார்த்து வாங்குற மாதிரித்தான் தம்பி. மூணையும் இழுத்துப் பார்த்தாத்தான் அறுந்து போறது எதுன்னு தெரியும்" என்றார்.

அந்நிய வானொலி கேட்கிறவன் ஏமாளி என்று பேசுகிறவர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேட்பவன் கழுதையல்ல, ஏற்றிய பொதியையெல்லாம் சுமப்பதற்கு.

சர்க்கார் பணத்தில் பேசும் வானொலி புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழோசையே 1941ஆம் ஆண்டு மே மாதம், யுத்தத்தின் நடுவில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தேவைக்காகப் பிறந்ததுதான். நம் ஆகாசவாணியின் வெளிநாட்டு ஒலிபரப்பும் அப்படியே. 1939 அக்டோபர் 1ஆம் தேதி அது முதன்முதலில் பேசிய மொழி எது தெரியுமா? பஷ்டு. எல்லைப்புறத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் ஜெர்மானியப் பிரசாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'சுதந்திர ஐரோப்பா வானொலி'க்கு 1971 வரை அமெரிக்க உளவு ஸ்தாபனம் மறைவாகப் பணம் கொடுத்தது. 1956இல் ஹங்கேரிய ஜனங்கள் எழுந்தபோது, மேற்கு நாடுகள் துணைக்கு வருமென்ற நம்பிக்கையை அந்த வானொலி ஊட்டியது. துணை வரவில்லை, ருஷ்ய டாங்கிகள்தாம் வந்தன. அந்தப் பாவம் லேசானதல்ல.

ஆகவே பீரங்கிக்குப் பதிலாக மைக்கைப் பிடிக்கிறவர்கள் என் கட்சிக்காரர்கள் அல்லர். ஆனால் மைக்கைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்குமா? பாகிஸ்தானத்தின் ஸ்வாத் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 2006, 2007 வாக்கில் மௌலானா ஃபஸ்லுல்லா என்பவர் ஒரு திருட்டுப் பண்பலை நிலையத்தை வைத்துக்கொண்டு இரவுதோறும் பேசினார். 'எஃப். எம். முல்லா' என்றே பெயர் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் போகலாகாது என்றார். பள்ளிக்கூடங்கள் வெடித்துச் சிதறின. அந்தக் காற்றிலே வேறு பேச்சும் கேட்கட்டும் என்று 2010இல் அமெரிக்கப் பணத்தில் 'மஷால்' வானொலி பஷ்டுவில் பேசத் தொடங்கியது. 2018இல் அதன் இஸ்லாமாபாத் அலுவலகத்தைப் பாகிஸ்தான் சர்க்கார் மூடியது. இங்கே கைகொட்டியவர்களைக் கேட்கிறேன்: முல்லாவும் பேச விடமாட்டான், சர்க்காரும் பேச விடாது என்றால், அந்த ஊர்த் தாய் எதைக் கேட்டு மகளைப் பள்ளிக்கு அனுப்புவது?

"இப்போதுதான் கைபேசி இருக்கிறதே, சிற்றலை எதற்கு?" என்பார்கள். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. இணையம் அடுத்த வீட்டுக் கிணறு மாதிரி. வீட்டுக்காரன் கதவைச் சாத்தினால் குடம் காலி. 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் சாத்தினார்கள். முழு வேகம் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. 2009இல் இலங்கை அரச வானொலி தன் நிகழ்ச்சிகளில் குறுக்கிடுகிறது என்று கூறி பி.பி.சி. அதற்குச் செய்தி கொடுப்பதை நிறுத்தியது. அப்போதும் சிற்றலை கடலைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. பழசு என்று கைவிட்ட அதே சிற்றலையை 2022 மார்ச்சில் உக்ரேன் யுத்தம் வந்ததும் பி.பி.சி. மறுபடி அந்தப் பக்கம் திருப்பியது. அவசரம் வந்தால் தெரிகிறது, எது பழசு எது புதுசு என்று!

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுத்தவன் பிரசாரத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? இந்த நாட்டில் தனியார் பண்பலைகளைத் திறந்து விட்டோம். பாட்டுப் போடலாம், பல்பொடி விற்கலாம், சொந்தமாகச் செய்தி மட்டும் சொல்லக் கூடாது என்றோம். 2011இல் கொஞ்சம் தாராளம் காட்டினோம்: ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்து கொள்ளலாமாம்! நூறு வாய், ஒரே நாக்கு. எங்கள் பெரியவர் பக்கத்துக் கடலில் நடந்ததை அறிய லண்டன் வரை முள்ளைத் திருப்பியது அந்நிய மோகத்தால் அல்ல. வீட்டிலே இழுத்துப் பார்க்க இரண்டாவது நூல் இல்லாததால்.

கூலி கொடுத்தவன் யார் என்று கேளுங்கள், தவறில்லை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: கூலி கொடுத்தவனுக்குப் பிடிக்காத செய்தியையும் அந்த வானொலி சொல்கிறதா? சொன்னால் அது செய்தி. சொல்லாவிட்டால் லண்டனானாலும் வாஷிங்டனானாலும் டில்லியானாலும் தண்டோராதான். அந்தத் தண்டோராவைக் கண்டுபிடிக்கவாவது ஜனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குரல் வேண்டும்.