வீங்கிய கைக்கு ‘போதும்’ என்று சொல்வது யார்?

அனுமந்தன்பட்டி திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கம்பி கையைக் கீறுவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. கவாத்து நடக்கும் நாளில் இரண்டு கீறலாவது விழும். சாயங்காலம் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். சின்னக் காயமென்றால் பெரும்பாலும் சில நாளில் தானாக வடிந்துவிடும்.

வீங்கியது சரி. நிறுத்தச் சொன்னது யார்?

கிருமி நுழைந்ததை முதலில் உணர்வது, தோலுக்கடியில் காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள். அவற்றுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்றொரு புரதம் உண்டு. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் 1986-ல் கண்டறிந்தது. வீக்கத்துக்கான ஜீன்களை முடுக்கிவிடுவது இதுதான். மற்ற நேரங்களில் ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதம் இதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும்.

கிருமித் தகவல் வந்ததும் அந்தக் காவலாளி மேல் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. மார்க்கெட்டுக்குப் போகும் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி. அதைப் பார்த்து யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் சங்கிலியாக வந்து ஒட்டும். ‘இதை அழித்துவிடு’ என்று அர்த்தம். செல்லின் அரவை இயந்திரமான புரோட்டியசோம் காவலாளியை நொறுக்கிவிடும். கட்டு அவிழ்ந்த என்.எஃப்.கப்பா-பி உட்கருவுக்குள் ஓடும். எல்லாம் சில நிமிட வேலை! (யூபிக்விட்டின் வழி அழிப்பைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.)

இதே யூபிக்விட்டினை வேறு விதமாகக் கோர்த்தால், ‘எல்லோரும் இங்கே கூடுங்கள்’ என்று அர்த்தம் மாறிவிடும். அபாயச் செய்தி பரவுவதே அப்படித்தான்.

இனிதான் வேடிக்கை. உட்கருவுக்குள் போன என்.எஃப்.கப்பா-பி, வீக்கத்துக்கு உத்தரவிடும்போதே தன்னைக் கட்டிப்போடும் புதுக் காவலாளிக்கும் ஆர்டர் கொடுத்துவிடுகிறது. கூடவே ஏ20 என்ற புரதத்துக்கும். ஏ20-க்கு இரட்டை வேலை: ‘கூடுங்கள்’ சங்கிலியைக் கழற்றும், ‘அழித்துவிடு’ சங்கிலியை மாட்டும். செய்தி அடங்கும், வீக்கம் வடியும்.

ஏ20 ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சல், வாய்ப்புண். 2016-ல்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது.

மற்றவர்களுக்கு இந்த நிறுத்தும் ஏற்பாடு உடம்பிலேயே இருக்கிறது. அதற்குள் பொறுமையில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ‘செட் மாத்திரை’ வாங்கிப் போடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் சட்டென்று குறையும். கிருமியோ உள்ளேயே இருக்கும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். மண் பட்ட காயமென்றால், கடைசியாக எப்போது டி.டி. ஊசி போட்டோம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.