பின்னோக்கி நான்கரை அடி

மதுரையில் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடையே நாலைந்து காரியங்களை வைத்துக்கொண்டு, அவற்றையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன், காரியங்களுக்கு ஆகும் நேரத்தைவிட வண்டியை நிறுத்த ஓர் இடம் தேடுவதற்கு ஆகும் நேரமே அதிகம் என்பதைப் பத்து மணிக்குள்ளாகவே தெரிந்துகொள்வான். சென்ற வாரம் எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. வங்கியில் அடையாளப் பத்திரங்களின் நகலைக் கொடுக்க வேண்டும், அம்மாவின் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வாங்க வேண்டும், மெருகுக்குக் கொடுத்திருந்த குத்துவிளக்கு ஒன்று, மாத மருந்துகள், கடைசியாக, விளக்குத்தூண் பக்கத்தில் தையற்காரரிடமிருந்து தங்கை மகளின் பாவாடை. அந்தத் தையற்காரர் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிடுவார். மருந்துக் கடையை விட்டு நான் வெளியே வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிப் பத்து நிமிஷம்.

வண்டியை நிறுத்தியிருந்த இடம், பழைய வீடு ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கி, மண்ணைக் கொட்டி நிரவி, கட்டணம் வாங்கிக்கொண்டு வாகனங்களை நிறுத்த விடுகிற காலி மனை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வாசல். காலையில் உள்ளே நுழைந்தபோது எனக்குப் பின்னால் இரண்டு கார்கள் இடைவிடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபடியால், வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகச் செருகுவதற்குப் பொறுமையின்றி, கண்ணில் பட்ட இடத்தில் மூக்கைச் சுவரை நோக்கி வைத்து நிறுத்திவிட்டு இறங்கியிருந்தேன். அந்த அவசரத்தின் விலையைப் பிற்பகலில் இன்னொருவர் கொடுக்க நேர்ந்திருக்கும்.

விசையைத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டேன். உடனே எச்சரிக்கை ஒலி கேட்கத் தொடங்கியது. இடது புறத்தில் யாரோ சாய்த்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துத்தான் அது கத்துகிறது என்று நானாகவே ஒரு தீர்மானத்துக்கு வந்து, இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளிலும் ஒன்றும் தென்படாததால் திருப்தியடைந்து, தையற்காரரின் கடைக் கதவையே மனத்தில் பார்த்துக்கொண்டு காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். வண்டி நகர்ந்தது. அடுத்த கணம் பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையால் பலமாக அறையும் சத்தமும், "நிப்பாட்டுங்கய்யா! புள்ள, புள்ள!" என்ற அலறலும் ஒன்றாகக் கேட்டன.

இறங்கி ஓடிப் பார்த்தேன். நான்கு வயதிருக்கும், ஒரு பையன், பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குந்தியிருந்தான். கழன்றுபோன செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தவன், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாரை மாட்டத் தொடங்கினான். இரண்டு கைகளிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு நாலடி முன்னால் போய்விட்டிருந்த அவனுடைய தாய் திரும்பி ஓடி வந்து, பைகளை மண்ணில் போட்டு, முதலில் அவன் முதுகில் ஓர் அடி வைத்து, பிறகு அவனை வாரியெடுத்துக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வண்டியை அறைந்து நிறுத்தியவர், அங்கே சீட்டுக் கொடுக்கும் அறுபது வயது மூதாட்டி. "பதறாதீங்கய்யா, ஒண்ணும் ஆகலை, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று அவர்தான் எனக்கும் அந்தத் தாய்க்கும் மாறி மாறித் தேறுதல் சொன்னார்.

அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது மனிதன் நடக்கிற வேகம். அந்த வேகத்தில் நகரும் வண்டி ஒரு விநாடியில் நான்கரை அடி கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்டு, கால் பிரேக்கைத் தேடி அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி கழிந்துவிடும். மூன்றடி உயரமுள்ள குழந்தையோ, குந்திவிட்டால் ஒன்றரை அடிதான். ஆகவே, "மெதுவாகத்தானே எடுத்தேன்" என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய சமாதானம் ஒரு சமாதானமே ஆகாது.

நான் ஏன் அத்தனை அசிரத்தையாக இருந்தேன் என்று யோசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. பெரிய வீதியில் ஓட்டும்போது என் ஜாக்கிரதையெல்லாம் விழித்திருக்கிறது; வாகனம் நிறுத்தும் இடத்தின் வாசலைத் தாண்டியதும், பிரயாணம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் அது உறங்கிப்போகிறது. அதே வாசலைத் தாண்டியதும், சாலையின் ஆபத்து கழிந்துவிட்டது என்று நம்பித்தான் அந்தத் தாயும் குழந்தையின் கையை விட்டாள். வண்டியில் இருப்பவரும் நடந்து வருபவரும் ஒரே சமயத்தில், ஒரே இடத்தில், சாலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய இடங்களில் ஆபத்து பிறப்பது இந்த இரட்டை நம்பிக்கையில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இதை அறியாததன்று. பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள இடம், அது போக்குவரத்துப் பாதையாக இல்லாவிட்டாலும், பொது இடமே என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கிறது. பிறருக்கு அபாயமோ தகாத இடையூறோ நேராது என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளே கூறின. ஓட்டுநர் உரிமத் தேர்விலும் பின்னோக்கிச் செலுத்தும் பரீட்சை உண்டு. ஆனால் அந்தப் பரீட்சைக்கு நம்மைத் தயார்செய்கிறவர்கள் ஸ்டியரிங்கை எப்போது ஒடிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்களே தவிர, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அமெரிக்காவில், தந்தையே பின்னோக்கிச் செலுத்திய வண்டியில் அகப்பட்டு 2002இல் உயிரிழந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் 2008இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பயனாக, 2018 மே மாதம் முதல் அங்கே புதிய கார்களிலெல்லாம் பின்புறத்தைக் காட்டும் கேமரா கட்டாயமாயிற்று. நம் தேசத்தில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, தயாராகும் கார்களில் பின்புற எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும். என் வண்டியிலும் அது இருந்தது. தன் கடமையைச் செய்தது. சுவரைக் கண்டும் செடியைக் கண்டும் தினந்தோறும் ஒரே குரலில் கத்துகிற கருவியின் சத்தத்தைக் காது நாளடைவில் கேட்காமல் விட்டுவிடுகிறது. கருவிகள் வேண்டும். அவற்றுக்குச் செவிசாய்க்கிற மனம் அவற்றைவிட முக்கியமாக வேண்டும்.

புதிதாகக் கார் வாங்கினால் சூடம் கொளுத்திச் சுற்றிக் காட்டுகிறோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூஜையன்று வண்டியின் நாலு பக்கமும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் பக்தியோடு செய்கிற அந்தப் பிரதட்சணத்தை, வண்டியை எடுக்கும் ஒவ்வொரு வேளையிலும் கண்ணைத் திறந்துகொண்டு ஒருமுறை செய்தால் அரை நிமிஷம்கூட ஆகாது. இன்னொரு வழக்கமும் உண்டு; லாரி ஓட்டுகிற பழைய கைகள் பல அதை அறியும். வந்து சேரும்போதே பின்பக்கமாக நிறுத்திவிட வேண்டும். அப்போது, இப்போதுதான் கடந்துவந்த, கண்ணால் பார்த்த காலி இடத்துக்குள் வண்டி நுழைகிறது. திரும்பும்போது, ஜனங்கள் நடமாடும் வழிக்குள் முகத்தைக் காட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

ஆனால் ஓட்டுகிறவனை மட்டும் திருத்தினால் போதாது. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வாகனம் நிறுத்தும் இடங்களை வருஷக் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒவ்வோர் அடியும் வருமானம். ஆகையால் மனிதன் நடப்பதற்கென்று ஓர் அடி மண்ணும் மிச்சம் வைக்கப்படுவதில்லை. இரண்டு கையிலும் சுமையோடு, குழந்தையையும் அழைத்துக்கொண்டு வருகிற பெண், வண்டிகளின் முதுகுக்குப் பின்னால் நடந்துதான் தன் வண்டியை அடைய வேண்டியிருக்கிறது; வேறு பாதை அவளுக்கு இல்லை. அவளை அஜாக்கிரதைக்காரி என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? வாசலிலிருந்து உள்ளே வரை, வெள்ளைக் கோடு போட்டு, மூன்றடி அகலத்துக்கு ஒரு நடைபாதை, வருவதற்கும் போவதற்கும் தனித்தனி வழி, இருட்டினால் விளக்கு. குத்தகை ஒப்பந்தத்திலேயே இவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். தனியார் மனைகளுக்கும் அனுமதி அளிக்கும்போதே இவற்றைக் கேட்க வேண்டும். வண்டிகளின் நடுவே நாள் முழுவதும் வெயிலில் நின்று உயிர்களைக் காக்கிறவர்களுக்கு, தூரத்திலிருந்தே தெரிகிற ஒளிரும் மேற்சட்டையும், ஒரு நல்ல விசிலும், மாதந்தோறும் நிச்சயமான சம்பளமும் அந்த நிபந்தனைகளில் சேர வேண்டும். என் வண்டியை நிறுத்திய கரத்தில் ஒரு கட்டுச் சீட்டு மட்டுமே இருந்தது.

பாவாடையை வாங்க இரண்டு நாள் கழித்துத்தான் போனேன். அதே மனை, அதே மூதாட்டி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற காரை ஹாரன் அடிக்க விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி, அவர் கையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக எடுத்தேன். "வாங்க, வாங்க, ரைட்ல ஒடிங்க, இன்னும் வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்யா" என்றார்.