கசாயம் குடிங்க, ஆனா கைக்குழந்தை மூக்குல எண்ணெய் விடாதீங்க

பனி ஆரம்பிச்சாச்சு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்போ எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இருமிக்கிட்டு இருக்காங்க. கூடவே ஒரு கேள்வியும் வருது. "சளிக்கு கற்பூரவள்ளி கொடுக்கலாமா டாக்டர்? சிரப்னாலே பயமா இருக்கு."

அந்த பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1% மட்டுமே. தொழிற்சாலையில் பயன்படுத்த வேண்டிய கரைப்பான் அது.

கலப்படமே இல்லாத சிரப்பும் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிசா எதுவும் செய்யாது என்பது பல பேருக்குத் தெரியாது. 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே வேண்டாம், 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் அந்த அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

அப்போ சிரப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு கொல்லையில இருக்கிற செடிக்குப் போயிட்டா பிரச்னை முடிஞ்சதா? என் கருத்து இதுதான்: இலையால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அதை எந்த வயசுக்குக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம், எத்தனை நாளைக்கு அதையே நம்பி உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் ஆபத்து.

சாதாரண சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானா அடங்கும். இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். அதனால நாலாம் நாள் நீங்க எதைக் குடிச்சாலும் பேர் அதுக்குத்தான் போகும். தூதுவளை ரசமோ, சுக்கு மல்லி காபியோ, மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஆன்டிபயாட்டிக்கோ, எல்லாத்துக்கும் இதே கதைதான். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒண்ணும் செய்யாது. அதை விழுங்குறதுக்கு மிளகு ரசம் எவ்வளவோ மேல்.

இலைகளில் ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வரலை. ஆடாதொடையில் வாசிசின் என்ற பொருள் இருக்கு. அதை அடிப்படையா வச்சுத்தான் புரோம்ஹெக்சின் செஞ்சாங்க. இன்னிக்கு நாங்க சீட்டுல எழுதுற ஆம்ப்ராக்சால் அதோட வழி வந்தது. ஆக, சளியை இளக்க ஆடாதொடை இலையைப் பறிச்ச நம்ம ஆளுங்க ஏதோ கண்ணை மூடிக்கிட்டுப் பறிக்கலை. ஆனா அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது. கர்ப்பிணிகள் ஆடாதொடை கசாயம் பக்கம் போகக்கூடாது. அதிமதுரத்தை நாள்கணக்கா தின்னா ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பி.பி. மாத்திரை போடுறவங்க கவனிக்கணும். "பனங்கற்கண்டுதானே டாக்டர்" என்று சொல்ற சர்க்கரை நோயாளிகளுக்கு: அதுவும் சர்க்கரைதான்.

தேனுக்கு நல்ல ஆதாரமே இருக்கு. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு ராத்திரி படுக்கப்போகும் முன் அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் குறைந்து நல்லா தூங்கும். சும்மா விடுவதைவிட அது மேல் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையும் சொல்லுது. ஆனால் ஒரு வயசுக்குக் கீழே ஒரு சொட்டுகூட கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கும். நாக்குல தடவுற சேனையும் இதில் சேர்த்திதான்.

இப்போ நான் சண்டை போடுற இடத்துக்கு வரேன்.

குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால ஊதி சளி எடுக்கிற பழக்கம் இன்னும் ஊர்ல இருக்கு. அப்பாயிங்க பாசத்துலதான் செய்யுறாங்க. ஆனா எண்ணெய் தண்ணி மாதிரி கிடையாது. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போனா குழந்தை இருமித் தள்ளிடும். எண்ணெய் அந்த இருமலைத் தூண்டாமலே வழுக்கிக்கிட்டு நுரையீரலுக்குள்ள இறங்கிடும். அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண நிமோனியா மாதிரி ஆன்டிபயாட்டிக்குக்கு அது கேட்காது. "சளி விடவே மாட்டேங்குது"ன்னு அப்புறம் இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய்!

இன்னொண்ணு, சங்கு. கற்பூரவள்ளிச் சாறை சங்குல ஊத்தி, குழந்தை வாயை மூடினா மூக்கைப் பிடிச்சு புகட்டுறது. அழுதுகிட்டு இருக்கிற குழந்தை அடுத்து செய்யுறது மூச்சை உள்ளே இழுக்கிறதுதான். சாறு வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். இதுல கற்பூரவள்ளி மேல ஒரு தப்பும் இல்லை. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும். மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல உப்புநீர் சொட்டு மருந்து கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்க.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவுறதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல போர்வையைப் போட்டு குழந்தைக்கு ஆவி பிடிக்கிறதும் அப்படித்தான். சளி போகுதோ இல்லையோ, தீக்காயம் வரும்.

பெரியவங்களுக்கு ஆபத்து வேற வழியில் வருது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டோரமோ, மக்காச்சோளம் அடிக்கிற களத்திலோ வேலை பார்த்தா இருமல் வரத்தான் செய்யும். "புழுதிதான், கசாயம் குடிச்சா சரியாயிடும்"னு மாசக்கணக்கா தள்ளிப் போடுறவங்களை எங்க பகுதியில நிறைய பார்க்கிறேன். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா காசநோய்க்கு சளி பரிசோதனை செய்யணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், மருந்தும் இலவசம். கசாயத்தை நிறுத்திட்டு வாங்கன்னு சொல்லலை. குடிச்சுக்கிட்டே வந்து சளியைக் கொடுத்துட்டுப் போங்க. சித்த மருந்துதான் வேணும்னா அரசு மருத்துவமனை சித்தா பிரிவுல டாக்டர் இருக்காங்க. வாட்ஸ்அப் ஃபார்வேர்டைப் பார்த்து காய்ச்சாதீங்க.

கடைசியா, குழந்தை மூச்சை எண்ணக் கத்துக்குங்க. குழந்தை அழாம இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள இருந்தா 60, ஒரு வயசு வரை 50, அஞ்சு வயசு வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ அது வெறும் சளி இல்லை. அடுப்புல கசாயம் கொதிச்சுக்கிட்டு இருந்தாலும் அணைச்சுட்டுக் கிளம்புங்க. ராத்திரின்னா 108-க்கு அடிங்க.