தூரத்து மேளமும் தெருமுனைப் பறையும்



ஆப்பிரிக்க மேளத்தைச் செல்போனில் பார்த்துச் சிலிர்க்கிறீர்கள். குஜராத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் தமால் ஆட்டத்தையும் பகிர்கிறீர்கள். நல்லது.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் நம் பறை பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போனது, நகரம் கைதட்டியது. 2025இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் பாலவனத்தம், அருப்புக்கோட்டைப் பக்கம் பறை அடிப்பவருக்கு நாம் நாற்காலி போடுகிறோமா? வயதில் மூத்தவரையும் 'வாடா' என்றுதானே கூப்பிடுகிறோம்? பாட்டுக் கச்சேரிக்கு முன்பணம், இவரிடம் மட்டும் பேரம்! தோல் ஒன்றுதான், தெருவைப் பார்க்கிறது நம் கண்.

தூரத்து மேளத்தை ரசிக்கக் காசும் வேண்டாம், மனசும் வேண்டாம்.

வரும் பங்குனிப் பொங்கலுக்கு அவரை 'வாங்கய்யா' என்று அழையுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள். முடியாதென்றால், அந்தக் கைதட்டலையும் நிறுத்திவிடுங்கள்.