கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்

தலையெழுத்து என்று ஒன்று இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். மகிழ்ச்சி! ஆனால், அந்த முழக்கத்துக்குக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் தோழர், கதவிடுக்கில் செருகியிருக்கும் நகராட்சியின் சொத்துவரி அறிவிப்பை எடுக்கிறார், தொகையைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், "எல்லாம் நம் தலையெழுத்து!" என்கிறார். பிரமன் எழுதியதை மறுக்கத் துணிந்தவருக்கு, பில் கலெக்டர் எழுதியதைப் படித்துப் பார்க்கத் துணிவில்லை!

இந்த இழிநிலை நீலமலையில் நீடிக்கலாமா என்று கேட்கவே இதை எழுதுகிறோம். உதகையிலும் குன்னூரிலும் 1866 முதல் நகராட்சி இருக்கிறது. வெள்ளைத்துரைமார் கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறி, பங்களா கட்டி, பாதை போட்டு, அந்தப் பாதைக்கும் விளக்குக்கும் வரி வகுத்துக்கொண்ட ஊர்கள் இவை. துரைமார் போய்விட்டார்கள், வரி இருக்கிறது. இருக்கட்டும், இருக்கவேண்டியதுதான். ஆனால் அந்த வரி எப்படிப் பிறக்கிறது என்பது மட்டும், கருவறைக்குள் ஓதும் மந்திரம்போல், கேட்பவருக்குப் புரியாத ஒலியாகவே இன்றளவும் இருக்கிறது. அதைத்தான் சகிக்க முடியவில்லை.

மந்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம். இந்த நகராட்சிகளை நூறாண்டுக்கு மேல் ஆண்டது 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். ஒரு வீட்டை மாதத்துக்கோ ஆண்டுக்கோ வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாமோ, அதுவே அந்த வீட்டின் ஆண்டு மதிப்பு என்றது அச்சட்டம். அதில் கட்டடத்துக்கு உரிய பங்கில் நூற்றுக்குப் பத்து, பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழிக்கவும் சொன்னது. மிஞ்சுவதன்மேல் வரி.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? வீட்டில் குடியிருப்பவர் சொந்தக்காரர், வாடகைக்கு யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனாலும் சட்டம் ஒரு குடித்தனக்காரரைக் கற்பனையில் படைக்கிறது. அவரை நம் கூடத்தில் குடிவைக்கிறது. அவர் என்ன வாடகை தருவார் என்று தானே கேட்டு, தானே விடை சொல்லி, அந்த விடைக்கு நம்மிடம் வரி கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாதவர், பசியறியாதவர், மழையில் நனையாதவர். ஆனால் அவர் பெயரால் காணிக்கை மட்டும் தவறாமல் போய்ச்சேருகிறது. இப்படிப்பட்டவர்களை நாம் முன்பே அறிவோம் அல்லவா!

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதுதான் இக்கட்டுரையின் உயிர். கோயிலுக்குள் இருப்பவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் பாவம் என்பார்கள். இந்தக் குடித்தனக்காரரைப் பற்றிக் கேள்வி கேட்கச் சட்டமே இடம் தருகிறது. அவர் குடியிருப்பது எத்தனை சதுர அடி என்று அளக்கலாம். அண்டை வீட்டுக்காரர் உண்மையில் என்ன வாடகை வாங்குகிறார் என்று கேட்டறியலாம். "உம் கணக்கு தவறு" என்று மனுப் போடலாம். நீதிமன்றத்துக்கே அழைக்கலாம்.

அழைத்தவர்கள் இருக்கிறார்கள்! குண்டூர் நகராட்சியும் இதே 1920 சட்டத்தின்கீழ்தான் வரி வாங்கியது. அந்நகரத்து வரிசெலுத்துவோர் சங்கத்தினர் தலையெழுத்து என்று ஒதுங்கவில்லை; வழக்காடினர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்குமேல், கற்பனை வாடகையை ஏற்றிப் போட்டு வரி விதிக்கக் கூடாது. அந்த நியாய வாடகையை அதிகாரி இன்னும் நிர்ணயிக்காத வீட்டுக்கும் இதுவே நீதி என்று 1970இல் தீர்ப்பு வந்தது. கற்பனைக் குடித்தனக்காரரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று நிலைநாட்டியவர்கள், வரிச்சீட்டைப் படிக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள்!

இன்று அந்த வாடகைச் சட்டம் மாறிவிட்டது. நகராட்சிச் சட்டமும் மாறிவிட்டது: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் 13-4-2023 முதல் நடைமுறையில் உள்ளன. ஆனால் அடிப்படை மாறவில்லை. எவ்வளவு பரப்பு, எந்தத் தெரு, எவ்வகைக் கட்டடம், குடியிருக்கவா வாணிகத்துக்கா என்ற கேள்விகளுக்கு ஒருவர் எழுதிவைக்கும் விடைகளே நம் வரி. எழுதுபவர் மனிதர்; மனிதர் தவறுவார்.

தவறினால் என்ன ஆகும்? 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் சொத்துவரி உயர்வு வந்தது. நகராட்சிகளில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு நூற்றுக்கு 25 உயர்வு; 601 முதல் 1200 வரை 50; 1201 முதல் 1800 வரை 75; அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு 100. சிறு வீட்டுக்குச் சிறு உயர்வு என்ற நோக்கம் நல்ல நோக்கமே. ஆனால் 590 சதுர அடி வீட்டை 610 என்று ஏட்டில் எழுதிவிட்டால்? எடுத்துக்காட்டாக, அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவர் 500 கட்டவேண்டிய இடத்தில் 600 கட்டுகிறார். முன்னறையில் ஒரு தாய் நடத்தும் பெட்டிக்கடையைக் கண்டு, வீடு முழுவதையும் வணிகம் என்று எழுதிவிட்டால் 800! அதோடு முடிந்ததா? அடுத்த உயர்வு இந்தத் தவறான தொகையின்மேல்தான் ஏறும். ஒரு நாள் தவறிய அளவுநாடா, ஆண்டாண்டுக்கும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

சமவெளியைவிட மலையில் இந்த ஆபத்து அதிகம். சரிவில் படிப்படியாக எழும்பும் வீடு. மண் சரியாமல் தாங்க ஒரு கற்சுவர். விறகு நனையாமல் காக்க ஒரு தகரக் கொட்டகை. எது வீடு, எது கொட்டகை, எது வெறும் திண்ணை என்று பிரித்து அளக்காமல் ஒட்டுமொத்தமாக எழுதினால், தேயிலை பறித்துச் சேர்த்த பணத்தில் கட்டிய இரண்டு அறை, ஏட்டில் மாளிகையாகிவிடும். மறுபுறம், வீடு என்று பதிவு பெற்றுக்கொண்டு, சுற்றுலாக் காலத்தில் நாள் வாடகைக்கு விட்டுப் பணம் குவிக்கும் விடுதிகள் ஏட்டில் குடிசையாகச் சுருங்கும். ஏழைக்குக் கூடுதல் அளவு, செல்வனுக்குக் குறை அளவு! மனுநீதி ஏட்டில் மட்டுமா இருக்கிறது? அளவுநாடாவிலும் இருக்கிறது!

கூடலூரிலும் நெல்லியாளத்திலும் நிலைமை இன்னும் வேதனையானது. 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டா கிடைக்காத நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர் பலர். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர் பலர். எதிர்த்து மனுப் போட்டால் இருக்கிற கூரைக்கும் ஆபத்து வருமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு உண்மைகளைச் சொல்லவேண்டும். வரிச்சீட்டு பட்டா ஆகாது. அதைக் காட்டி உரிமை வந்துவிட்டது என்று ஏமாற்றுவோரை நம்பாதீர். அதேபோல், அளவு தவறு என்று கேட்பது குற்றமும் ஆகாது. வரி கேட்கும்போது நம்மைக் குடிமக்கள் என்று ஏற்ற நகராட்சி, கணக்குக் கேட்கும்போது அயலார் என்று தள்ள முடியாது.

"அலுவலரைப் பகைக்கலாமா? அவரைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கொஞ்சம் கொடுத்தால் முடித்துத் தருவார்" என்பார் நடுவிலே ஒருவர். தோழர்களே, இவரை அடையாளம் தெரியவில்லையா? பக்தனுக்கும் கடவுளுக்கும் இடையே தட்டு ஏந்தி நின்றவர்தான், இப்போது குடிமகனுக்கும் நகராட்சிக்கும் இடையே நிற்கிறார். புரியாத மொழி இருக்கும்வரை புரோகிதர் இருப்பார். புரிந்துகொண்ட அன்றே அவர் பிழைப்புப் போயிற்று.

புரிந்துகொள்வது கடினமா? இல்லை. அறிவிப்பில் பரப்பு, பயன்பாடு, தெருவின் வகை, தொகை ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். நாடாவை எடுத்து நீங்களே அளந்து, படம் வரைந்து வையுங்கள். கணக்கு எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் நகல் கேளுங்கள். தவறு தெரிந்தால், அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் நகராட்சி ஆணையாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கெடு கடந்த நியாயம் கதவுக்கு வெளியே நிற்கும். அங்கே நீதி கிடைக்காவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. நம் வாக்கால் வென்ற உறுப்பினர்களைக் கொண்டு அமைவது அது. திருவிழாவுக்கு நன்கொடை கேட்க மட்டும் அவர்கள் வீட்டுப் படி ஏறினால் போதுமா? மனு நடக்கும்போதும் வரியை நிறுத்தாமல் கட்டி, சீட்டை வாங்கி வையுங்கள். நிலுவைக்காரன் என்ற பழிச்சொல் நம் நியாயத்தின் கழுத்தை நெரிக்க விடக்கூடாது.

வரியே வேண்டாம் என்பவர்கள் நாமல்லர். குப்பை அள்ளும் தொழிலாளியின் கூலியும், சேரித் தெருவின் விளக்கும், குழாயில் வரும் நீரும் வானத்திலிருந்து விழுவதில்லை. வரி கட்டியவனுக்கே வாக்கு என்று இருந்த காலம் போய், வாழ்பவர் அனைவருக்கும் வாக்கு என்ற காலம் வந்தது. அந்த வாக்குக்கு மதிப்பு, கணக்குக் கேட்கும் துணிவில் இருக்கிறது. குறையாக அளந்த விடுதிக்கு முழு வரி விதிக்கவேண்டும் என்று கேட்பதும், மிகையாக அளந்த குடிசைக்கு நியாயம் கேட்பதும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

எனவே நகராட்சிகளுக்குச் சொல்கிறோம்: தொகையை மட்டும் அச்சடித்து அனுப்பாதீர்கள், அது பிறந்த கணக்கை, எளிய தமிழில், ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அச்சிடுங்கள். 1956இல் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. ஆட்சியின் கணக்கும் தமிழாக வேண்டாமா?

இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: படிப்பகத்தில் செய்தித்தாள் இருக்கிறது, தலைவர்கள் படம் இருக்கிறது, ஓர் அளவுநாடாவும் இருக்கட்டும். ஞாயிறுதோறும் ஒரு தெரு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அன்னையரின் வரிச்சீட்டைப் படித்துக் காட்டுங்கள், அளந்து காட்டுங்கள், மனு எழுதிக் கொடுங்கள், கட்டணம் கேட்காதீர்கள். அந்த வீட்டில் கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எழுதப்பட்டதைத் திருத்தலாம் என்று ஒரு முறை கண்ணால் கண்டவர், அதற்குப்பின் எந்தத் தலையெழுத்துக்கும் எளிதில் தலைவணங்க மாட்டார்!